குதிரைக் கூட்டத்துக்கு ராஜா வைத்த மதியம்

நம் குடோனில் இருந்த பழைய கம்ப்யூட்டரை நேற்று காயலான் கடைக்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து தூள் கொட்டியது. சாம்பலும் நீலமும் கலந்த தோல் தூள். பக்கத்து ஷெட்டில் தோல் தேய்க்கும் மெஷின் ஓடிய காலத்துத் தூள். "இன்னா சார், இதுல மாவா அரைச்சீங்க?" என்றார். நீ இருந்திருந்தால் அவருக்கு ஒரு பதில் வைத்திருப்பாய். நான் அந்த வாசனையில் நின்றுவிட்டேன். ஒரு மதியம் முழுக்க மூன்று பேர் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வியர்த்தது ஞாபகம் வந்தது.

வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான். ஒரு கேமைப் பார்த்துத் தொழிலை மாற்றினோம் என்றால் எவன் நம்புவான்? உனக்கும் அண்ணனுக்கும் எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் நானும் அண்ணனும் ஷூ கம்பெனிகள் கழித்துப் போடும் வெட்டுத் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிச் செருப்புக் கடைகளுக்குப் போட்டு மேலே வந்தவர்கள். அப்புறம்தான் முழுத் தோல். தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நீ, ஒரு நாள் டிபன் பாக்ஸோடு எங்கள் குடோனுக்குள் வந்து உட்கார்ந்தாய். திரும்பிப் போகவே இல்லை. நமக்குப் பெயர்ப் பலகை கிடையாது, பத்திரம் கிடையாது. வாடிக்கைக்காரன் வரும்போது யார் உள்ளே இருக்கிறாரோ அவர் சொல்வதுதான் விலை. தோலைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் ஆட்கள் அத்தனை பேரும் அண்ணன் கொண்டுவந்தவர்கள். அவர் பேச்சைத்தான் கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கியது பில் போடத்தான். சென்னைக்கு வசூலுக்குப் போன நீ நடைபாதையில் ஒரு சிடி வாங்கி வந்தாய். நான் கத்தினேன். "அஞ்சு நிமிஷம் பாருய்யா தோஸ்த். இதுவும் வியாபாரம்தான்" என்றாய். அந்த அஞ்சு நிமிஷம் ஒரு வருஷம் ஓடியது. மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே உட்காருவோம். புல்வெளி நாட்டில் குதிரை மேய்க்கும் ஒரு கூட்டம் நம்முடையது. அதற்கு ஐந்தாறு தலைவர்கள். பெயரை நாமே மாற்றி எழுதலாம் என்று கண்டுபிடித்ததும் வாணியம்பாடி புரோக்கர் ஒரு தலைவரானார், லாரி ஆபீஸ்காரர் ஒருவரானார். வாளைப் பிடித்துக்கொண்டு முறைக்கிற ஆளுக்கு நீ அண்ணன் பெயரை வைத்தாய், டேவிட் என்று. அண்ணன் இங்கிலீஷில் எங்கே பார்த்தாலும் படித்துவிடும் ஒரே வார்த்தை அதுதான். எங்கள் மூட்டைகளின் மேல் அச்சு வைப்பது அந்தப் பெயரைத்தான்.

ஓரளவுக்கு மேல் அந்தக் கூட்டம் வளர மறுத்தது. பக்கத்து ராஜ்யங்கள் நம்மோடு ஒப்பந்தம் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "கூட்டத்தோட எவன்யா ஒப்பந்தம் போடுவான்? தலைவன் செத்தா பேச்சும் செத்துடும். இத ராஜ்யமா மாத்தணும்" என்றாய். மாற்ற ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் சில வருஷம் நாடு குலுங்கும், தலைவர்கள் எதிர்ப்பார்கள். தாங்கினால் ராஜ்யம், தாங்காவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அதே மாதத்தில்தான் நம்மிடம் தோல் எடுக்கும் பெரிய ஷூ கம்பெனியின் மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "உங்க மூணு பேர்ல நான் யார்கிட்ட பேசறது? பேப்பர்ல ஒரு பேர் வேணும். டல் சீசன் முடியறதுக்குள்ள முறையா கம்பெனி ஆகுங்க. இல்லன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்." நம் சரக்கில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான் போனது. அவர்கள் போனால் பழையபடி வெட்டுத் துண்டு மூட்டைதான்.

நீ சரி என்றாய். நானும் சரி என்றேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கப்பன் எவனுக்கும் கையெழுத்து போட்டதில்ல. நான் போட மாட்டேன். கம்பெனி ஆனா நான் யாரு? வாட்ச்மேனா?"

"மேனேஜிங் டைரக்டர் அண்ணா" என்றாய் நீ.

"அது இன்னாடா, ஆஸ்பத்திரில சொல்ற நோவு பேரு மாதிரி கீது."

நாம் இரண்டு பேரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். அண்ணன் தம்பிக்கு நடுவில் பேச்சு குறைந்துபோனது. அம்மா உயிரோடு இருந்த வீட்டில் அது எவ்வளவு பேஜார் என்று உனக்குத் தெரியும்.

நாம் ஒரு யோசனை வைத்திருந்தோம். டல் மாதங்களில் வழக்கப்படி தரம் பிரிக்கிறவர்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவோம். சீசன் வந்ததும் கூப்பிடுவோம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கம்பெனியைப் பதிந்துவிட்டால் சத்தம் இருக்காது என்பது நம் கணக்கு.

அந்த மதியம் நீ ராஜ்யப் பட்டனுக்கு வந்துவிட்டாய். தோற்றால் திரும்பி வர அந்த இடத்தைச் சேவ் செய்தாய். சண்டை ஏதும் இல்லாததால் படைக்குக் கொடுக்கும் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தோம். சும்மா நிற்கிற ஆளுக்கு எந்த வியாபாரி கூலி கொடுப்பான்? நான்தான் இறக்கச் சொன்னேன். நீயும் ஒத்துக்கொண்டாய். கஜானா நிறைந்து கிடந்தது. அழுத்தினாய்.

முதலில் எழும்பியது டேவிட். அவன் பின்னால் மற்றவர்கள். நம் படை ஒரே மோதலில் சிதறியது. பசித்த ஆட்கள் எப்படி நிற்பார்கள்? கஜானாவைத் திறந்து கொட்டினோம், படை தேறுவதற்குள் தலைநகரம் போய்விட்டது.

"இன்னாடா அது, எம் பேரு போட்டு கீது?"

பின்னால் அண்ணன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. நீ மறைக்கவில்லை. எது கூட்டம், எது ராஜ்யம், டேவிட் ஏன் எழும்பினான், எல்லாவற்றையும் திரையைக் காட்டியே சொன்னாய். அவர் முகம் கறுத்தது.

"பாத்தல்ல? மாத்துனா இதான். நான் இந்த மாசத்தோட தனியா போறேன். ஆளுங்க எங்கூட வர்றாங்க."

அவரும் போய், ஆட்களும் போனால், கம்பெனியும் இல்லை, கூட்டமும் இல்லை. நான் ஏதாவது சொல்லியிருந்தால் அது சண்டையில்தான் முடிந்திருக்கும். நீ எழுந்து உன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாய்.

"போறது போங்க அண்ணா. போறதுக்கு முந்தி இத ஒரு வாட்டி நீங்க ஆடிட்டுப் போங்க. மாத்தறதுக்கு முந்தி சேவ் பண்ணி வெச்சிருக்கேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"நீங்க சொல்லுங்க. நான் அமுத்தறேன்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "படைக்குக் கூலி எம்மாம்?"

"அடிமட்டம்."

"ஏன்?"

"சண்டை இல்லயே அண்ணா."

அவர் என் பக்கம் திரும்பினார், திரையை விட்டுவிட்டு. "அதான் டல் மாசத்துல ஆளுங்கள அனுப்பிட்டு, அப்பறம் கம்பெனி ஆக்கலாம்னு ரெண்டு பேரும் பாத்தீங்களா?"

அவருக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

"மொதல்ல கூலிய ஏத்து. முழுசா ஏத்து. ஒரு வருஷம் தின்னட்டும். அப்பறம் அந்த டேவிட்ட தனியா கூப்டு. கும்பல்ல கூப்டாத, தனியா. அவனுக்கு இன்னா வேணும்னு கேளு."

கேமில் அதற்கும் வழி இருந்தது. டேவிட்டுக்குத் தளபதி பதவி. கஜானா பாதியாகக் குறைந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மறுபடி சேவ் செய்து, மறுபடி அழுத்தினாய்.

இந்த முறையும் கலகம் வந்தது. வாணியம்பாடி புரோக்கரும் லாரி ஆபீஸ்காரரும் கோட்டையைச் சுற்றினார்கள். டேவிட் மட்டும் நம் பக்கம் நின்றான். சுவர் இடிந்துகொண்டே வந்தது, படை அசையவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. மின்விசிறி நின்ற குடோனில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். "சேவ் பண்ணுடா" என்று நான் கத்தினேன். "சண்டை நடக்கறப்போ ஆவாதுய்யா" என்று நீ கத்தினாய். டேவிட் பின்பக்கமாக வந்து மோதினான். திரை அணைந்தது.

அண்ணன்தான் முதலில் பேசினார். "ஜெயிச்சமா?"

"தெரியல அண்ணா."

"திரும்பப் போட்டா தெரியுமா?"

"மாத்தறதுக்கு முந்தி இருந்த எடத்துல இருந்து ஆடலாம்."

"நம்ம குடோனுக்கு அப்டி கீதா?"

"இல்ல அண்ணா. அதுக்கு சேவ் கெடயாது."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். பள்ளிகொண்டா பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போய்த் தொழில் பழகியவர் அவர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். தன் வலது கையின் மேல் துண்டைப் போட்டு உன் பக்கம் நீட்டினார். என் பக்கம் நீட்டவில்லை. தம்பியோடு பேரம் பேச அவருக்கு மனசு வரவில்லை போல.

"டல் மாசத்துல ஆளுங்களுக்கு எத்தினி மாசம் கூலி? சொல்லு."

துண்டு அசைந்தது. உன் முகத்தைப் பார்த்தேன், அண்ணன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு முறை உன் கையை உதறினார். நீ மறுபடி நீட்டினாய். கடைசியில் அவர் துண்டை எடுத்தபோது உன் மூன்று விரல் அவர் பிடிக்குள் இருந்தது.

டல் சீசன் முடிவதற்குள் கம்பெனியைப் பதிந்துவிட்டோம். அப்புறம் அந்தக் கேமை நாம் போடவே இல்லை. நீ ஒரு முறை கேட்டாய், அண்ணன்தான் வேண்டாம் என்றார். "ஜெயிச்சதாவே இருக்கட்டும்."

நீ போனபோது கம்பெனிக்கு வயது ஏழு. காலையில் நெஞ்சு வலி என்றாய். வேலூருக்கு வண்டி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு அதே மேனேஜர் வந்தார். இனி எப்படி என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவே இல்லை, அடுத்த ஆர்டரைப் பேசினார். பேப்பரில் கம்பெனி இருந்தது, உன் இடத்தில் உன் வீட்டம்மா கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் அண்ணன் வெளியே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். "தலைவன் செத்தா பேச்சும் செத்துடும்னு சொன்னானே. பாரு, சாவல" என்றார்.

இப்போது டல் மாதம் நடக்கிறது. தரம் பிரிக்கிறவர்கள் தினமும் வந்து சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வியாபாரி கண்ணுக்கு அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அனுப்பவில்லை. காயலான் கடைக்காரரிடமும் ஒரு பேச்சு வைத்துத்தான் கொடுத்தேன். பெட்டி முழுக்க அவருக்கு, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் எனக்கு. அதை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கூலி முழுசாக வாங்கி நிற்கிற நம் குதிரைக் கூட்டம் அதற்குள் இருக்கிறது, இன்னும் பட்டன் அழுத்தாமல்.

அன்று துண்டுக்கு அடியிலும், துண்டை எடுத்த பிறகும் நீ பேசி முடித்தது உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். டல் சீசனில் மூன்று மாதம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதிக் கூலி. தோலின் தரத்தில் அண்ணன் சொல்வதே முடிவு. பேப்பரில் கையெழுத்து உன்னுடையது, உனக்குப் பின் உன் வீட்டாருடையது. பங்கு மூவருக்கும் சமம்.