மிளகளவு

ஐப்பசி 3, செவ்வாய்

விடியும்போதே தூறல். விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிக் கண் எரிச்சல். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு. பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

பூந்தமல்லி சர்க்கார் அபின் கடையைப் பூட்டி இரண்டு மாதம் ஆகிறது. அண்ணனின் குதிரைக்கு மட்டும் அது தெரியாது. சவாரி இல்லாவிட்டால் ஜட்காவோடு அந்த வாசலில் போய் நிற்கிறதாம். சிரிப்பார் என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "கடை இருந்தா புதுசா நாலு பேர் கத்துக்குவாங்க ரஞ்சிதம். மூடினதுதான் சரி."

மூடச் சொல்லி ஊர்வலம் போனவர் பெ.டீ. அவருடைய அப்பா அந்த வாசலில் விழுந்து செத்தவர். 

ஐப்பசி 6, வெள்ளி

மழை இல்லை. பள்ளிக்கூடத்து வெண்கல மணியைக் காணோம். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டி அடிக்கிறோம், காது கூசுகிறது.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன், அவரும் ஜட்காக்காரர்தான், தெருவே கேட்கிற மாதிரி: "கடை இருந்த வரிக்கும் இந்த ஊர்ல ஒரு சொம்பு காணாம போச்சா? இப்போ துணி காயப்போட பயமா கீது. இன்னாத்துக்கு மூடினாங்கோ?"

அண்ணனுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகுகிறது. சோறு அப்படியே இருக்கிறது.

ஐப்பசி 7, சனி

குதிரைக்குப் புல் எடுக்கப் போனேன். புல்லுக்கு அடியில் மணியின் நாக்கு.

அண்ணனைக் கேட்டேன். மறைக்கவில்லை. "காயலாங்கடக்காரன் மணிய எடுத்துக்கினு, நாக்கு இரும்பு, வாணாம்னுட்டான்மே." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கோபம் வரவேண்டிய இடத்தில் வரவே இல்லை.

என் புருஷன் போனபோது "நான் கீறேன்மே" என்று அழைத்து வந்தவர். ஊரே சிரிக்க, தினமும் ஜட்காவில் ஏற்றி என்னை டீச்சர் படிப்புக்குக் கொண்டுபோய் விட்டவர். முதுகு வலிக்கு என்று ஆரம்பித்த அபின் இது.

இப்போது குத்தம்பாக்கம் ஏரிக்கரையில் ஒருவன் திருட்டுத்தனமாக விற்கிறானாம். "சர்க்கார் சரக்கு மிளகளவு போதும். இவன் தர்றதுல பாதிக்கு மேல வெத்தலைக்குப் போடற காசுக்கட்டி. சுண்டக்கா அளவு முழுங்கினாலும் கை கால் இசுத்துக்கினேதான் கீது." என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுட்டுடணும்மே. என்னால முடியல."

ஐப்பசி 9, திங்கள்

பெ.டீ.யிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று. அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். பிறகு, "போலீசுக்குச் சொல்லல. வா, டாக்டரைப் பார்க்கலாம்."

டாக்டர் சொன்னது: ஒரேயடியாக நிறுத்தினால் இந்த உடம்பு தாங்காது. பழைய ஆட்களுக்குப் பர்மிட் உண்டு, பட்டணத்துக் கடையில் சர்க்கார் அபின் கிடைக்கும். தினம் ஒரே அளவு, பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம். சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பெ.டீ.: "எனக்கு மனசே ஒப்பல ரஞ்சிதம். எங்கப்பாவுக்கும் இப்படித்தான், அளவா, அளவான்னு." ஆனாலும் பர்மிட் தருகிற ஆப்காரி ஆபீசுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி 11, புதன்

நல்ல மழை. பர்மிட் இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு, நடுக்கம். "ஏரிக்கரைக்குப் போய்க்கினு வந்துடறேன்மே, இன்னிக்கு மட்டும்." கதவில் சாய்ந்து நின்றேன். தள்ளவில்லை. என் காலடியிலேயே படுத்துக்கொண்டார். மனசு கேட்காமல் நானே விலகி வழிவிட்டேன்.

ஐப்பசி 14, சனி

பர்மிட் வந்தது!

வாங்க: மண்ணெண்ணெய், சாக்பீஸ், அண்ணனுக்குப் பால்.

காலையில் பஸ்ஸில் இருவரும் பட்டணம். கடைக்காரர் பர்மிட்டைப் பார்த்து, நிறுத்து, முத்திரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். யாருக்கும் பயப்படாமல் வாங்கினோம். பஸ்ஸில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். "மணிய நானே வாங்கி மாட்றேன்மே. பெரிய டீச்சராண்ட சொல்லு."

வந்ததும் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். கஞ்சி முழுவதும் குடித்தார். அபினைக் கிள்ளி உருட்டி, தினமும் போடுகிற மாதிரியே வாயில் போட்டுக்கொண்டு பால் குடித்தார். நான் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். அதற்குள் தூங்கிவிட்டார். கூடம் அதிரக் குறட்டை. எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி! எழுப்பவில்லை. மனசு நிறைந்திருக்கிறது.

ஐப்பசி 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. அண்ணன் போய்விட்டார்.

நேற்று விடியற்காலையில் தொட்டேன், சில்லென்று இருந்தது. டாக்டர் வந்தார். எவ்வளவு போட்டார் என்று கேட்டார். விரலில் காட்டினேன். "சுண்டைக்காய் அளவா? இது கலப்படம் இல்லாததும்மா."

எடுத்துக்கொண்டு போகும்போதே வாசலில் பேச்சு. கன்னியப்பன், "கடைய மூடாம வுட்டிருந்தா ஆளு இருந்திருப்பாரு." பெ.டீ. அழுதுகொண்டே, "கடையே இல்லாம இருந்திருந்தா இந்தப் பழக்கமே வந்திருக்காது." இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே அண்ணனுக்காகத்தான் அழுதார்கள்.

ஐப்பசி 17, செவ்வாய்

வெயில். குதிரையைக் கன்னியப்பன் ஓட்டிப் பார்த்தார். பூட்டின கடை வாசலில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறதாம்.

காகிதத்தில் மீதி அப்படியே இருக்கிறது. ஆபீசில் திருப்பித் தரவேண்டும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஏரிக்கரைக்காரனால் கை பெரிதாக உருட்டப் பழகிவிட்டது. அண்ணன்தானே எனக்குச் சொன்னார், மணி நாக்கு கிடைத்த அந்தச் சனிக்கிழமை, தன் வாயால். அவருக்கும் மறந்துபோயிற்று. எனக்கும். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை.

மிளகளவு, அண்ணே. மிளகளவுதான்.