அக்டோபர் ஒன்பதுக்கு ஒரு முத்திரை

என் வாலுப் பெண்ணுக்கு,

காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் சமையலறைக்குப் போய், நேற்று மாலை கிண்ணத்தில் ஊறப்போட்டிருந்த தபால்தலையைத்தான் பார்த்தேன். அந்தக் கூத்துக்கு அப்புறம் வருகிறேன். நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது கோபித்துக்கொள்கிறது. அத்தை கார் ஓட்டப் பழகுகிறாள், தெருவே ஒதுங்கி நடக்கிறது. உன்னைத் தினமும் போனில் பார்த்தாலும் கேட்கிறேன், நலம்தானே?

நான் படத்துக்காகத் தபால்தலை சேர்ப்பவள் இல்லை, அதன்மேல் விழுந்த முத்திரையின் தேதிக்காகச் சேர்ப்பவள் என்று உனக்குத் தெரியும். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். நீ கிளம்பியபோது நாற்பத்தொன்று காலி. அலுவலகத்தில் தபால் பிரிவை மூடி என்னைக் காகிதங்களை ஸ்கேன் செய்ய உட்காரவைத்தபோது இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன், வருகிற ஒன்றிரண்டு கவரிலும் பார்கோடு ஸ்டிக்கர். ஆனால் நீ போனில் சேர்த்துவிட்டாயே அந்தத் தபால்தலைக் குழு, அதில் கேட்டுக் கேட்டே நாற்பதை நிரப்பிவிட்டேன். பிப்ரவரி இருபத்தொன்பதுகூடக் கிடைத்துவிட்டது, உலக அஞ்சல் தினமான அக்டோபர் ஒன்பது மட்டும் போக்குக் காட்டியது.

அதையும் குழுவில் இருக்கும் பல் டாக்டரம்மா தேடிப் பிடித்து அனுப்பினார். நான் பழைய வழக்கப்படி தண்ணீரில் போட்டேன். காலையில் விரலால் நெம்பினால் மேல்தாள் மட்டும் உரிந்து, தேதி பாதியாகக் கிழிந்து வந்தது. உடனே அவருக்குச் சொன்னேன். “அடடா, வெளிநாட்டுப் புது ஸ்டாம்பெல்லாம் ஸ்டிக்கர் மாதிரிங்க, தண்ணிக்கு விடாது, கவரோட வெட்டி வச்சுக்கணும்னு சொல்ல மறந்துட்டேனே” என்று அவர் என்னைவிட வருத்தப்பட்டார். அப்பாவோ, “அவங்க அனுப்பின படம்தான் போன்ல இருக்கே, பிரிண்ட் எடுத்து ஒட்டு. யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?” என்றார். நான் பார்ப்பேன் என்றேன், சிரித்துக்கொண்டே காபி போடப் போய்விட்டார்.

தேதிக்காகவே ஒரு வெறும் கவரில் முத்திரை வாங்குவது எங்கள் குழுவில் ஆட்டத்தில் சேராது. யாரோ யாருக்கோ நிஜமாகவே எழுதியதாக இருக்க வேண்டும். இப்போது யார் எழுதுகிறார்கள்? நானே உனக்கு எழுதி ஆறு வருடம். தினமும் பேசுவதாலேயே சில விஷயம் விட்டுப்போகிறது. வேலையை மாற்றட்டுமா என்று நீ கேட்டபோது, அப்பா பக்கத்தில் இருந்தார், அவசரப்படாதே என்று முடித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். ஒரு மாதமாக நீ சிரிப்பது முகத்தில்தான், குரலில் இல்லை. மாற்றிக்கொள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு நீயே மருந்து வாங்கிக் குடிக்காதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், மனம் நிறைந்து வாழ்த்துகிறேன். ஒரு ஞாபகம், கவரை உன் வழக்கப்படி தபால்தலைப் பக்கம் பிய்க்காதே, கீழ்ப்பக்கம் கத்தரிக்கோலால் வெட்டு.

குழுவுக்கோ அப்பாவுக்கோ என் திட்டத்தை இன்னும் சொல்லவில்லை. இன்று அக்டோபர் ஏழாம் தேதி. இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்து, ஒன்பதாம் தேதி கவுன்டரில் நின்று, கையால் முத்திரை குத்தச் சொல்லி அனுப்பப் போகிறேன். கவரைத் திருப்பி அனுப்பாதே. நீ வரும்போது கொண்டு வா, அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

உன் வரவு பார்த்திருக்கும்,
அம்மா