சொந்த வீட்டுக்கு வழி கேட்ட மச்சானுக்கு

மச்சான், உங்களுக்கு வந்தது மறதி நோவு என்று எல்லோருக்கும் முந்திச் சொன்னவன் நான்தான். இன்று கொடைரோடு பிளாட்பாரத்தில் யாரோ ஆயக்குடிக் கொய்யாக் கூடையைத் திறந்தார்கள். உங்கள் தோட்டத்துக் கொய்யாவின் அதே வாசத்தில் நீங்களே பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

கிணற்றில் கரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, முன்பு தண்ணீர் இறைத்த, எப்போதோ விற்றுவிட்ட கமலை மாடுகளுக்குத் தீவனம் வைக்கப் போனீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பழசு நிற்கிறது, புதுசு ஒழுகுகிறது, இது வேறு மாதிரி மறதி என்று அக்காவிடம் அப்போதே சொன்னேன். ஐந்தாவது படித்தவனுக்கு இம்புட்டு அறிவா என்று ஊரே அசந்துபோனது.

அப்புறம் வேட்டியைத் திருடிவிட்டதாக அக்காவையே சந்தேகப்பட்டீர்கள். பொழுது சாய்ந்தால் உங்களுக்கு இருப்புக்கொள்ளாது. கல்யாணமான நாள்முதல் "ஏ புள்ள" என்று அதட்டியவர், ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று அக்காவைப் பார்த்துக் கைகூப்பினீர்கள்.

"ஏனுங்க அம்மிணி, இருட்டறதுக்குள்ள என்னைய எங்கூட்டுல கொண்டுபோயி விட்டுருங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியாடா, இப்பத்தான் எனக்கு மரியாதையே கெடச்சிருக்கு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் பங்காளிகள் பேய் என்றார்கள். கோயிலில் சங்கிலி போட்டுக் கட்டினால் தெளியும் என்று வண்டியே பூட்டிவிட்டார்கள். நான் மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன். மதுரைப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வருகிறேன் என்றேன். வயசான மறதியில் பல வகை உண்டாம். மூளை வற்றி வருவது சரிவில் இறங்குவதுபோல் மெல்ல இறங்கும். ரத்தக்குழாய் அடைத்து வருவது படிக்கட்டில் இறங்குவதுபோல் விட்டு விட்டு இறங்கும். எதுவானாலும் சங்கிலி ஆகாது, கட்டினால் மிரட்சியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் மேசையைத் தட்டிச் சொன்னதாகச் சொன்னேன். உங்கள் அண்ணன் மாட்டை அவிழ்த்துவிட்டார்.

அதன்பிறகு சாயங்காலமானால் உங்களைத் தோட்டத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து, வீடு வந்துவிட்டது என்பேன். சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொல்லி உட்காருவீர்கள். கடைசியில் உங்கள் கட்டிலில், அக்கா பக்கத்தில் இருக்கத்தான் கண்மூடினீர்கள்.

இன்றும் வழி தெரியாமல் தடுமாறும் பெரியவர் யாரைக் கண்டாலும் நான் வாதாடுவதில்லை. கூடவே செத்த நேரம் நடப்பேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் மறைக்கக் கூடாது, மச்சான். நான் மதுரைக்குப் போகவே இல்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இந்த மறதியைப் பற்றி யாரிடமோ பேசியது முன்பு பாதி காதில் விழுந்திருந்தது. வண்டி பூட்டி நின்ற அவசரத்தில், அந்த டாக்டரை நான்தான் பெற்றெடுத்தேன்.