ஆணி அடித்த ஜன்னல்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கையும் உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று எழுத மனம் வரவில்லை, நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. என் வலது கையில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்காததால் நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். உன்னைப் பற்றியும் இரண்டு வரி எழுதடி என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நீ இருக்கும் ஊரில் பூமி ஆடியதைப் போனில் சொன்னபோது, "புயலெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லம்மா" என்றாய், அப்பா பக்கத்தில்தான் இருந்தார். மறுநாள் என்னிடம், "பூமி சொல்லாம ஆடும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. புயல் சொல்லிட்டு வருது. அப்புறம் ஒருத்தர் செத்தா அது நம்ம கைவேலைதான்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று போனில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன புயலை ரேடியோவில் இரண்டாம் வகை என்றார்கள், சின்னதுதானே என்று யாரும் கிளம்பவில்லை. அந்த வகை காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும், கடல் எவ்வளவு ஏறும் என்று சொல்லாது என்பது எங்களுக்குத் தெரியாது. உன் அப்பா கூரை போடுகிறவர், காற்றைத் தவிர வேறெதற்கும் பயந்ததில்லை. தெருவே அவரைக் கூப்பிட்டது, வீடு வீடாக ஜன்னல்களுக்கும் பின்கதவுக்கும் பலகை வைத்து ஆணி அடித்தார். எதிர்வீட்டுத் தையல்காரர், "போதும்ண்ணே, இனி என் மாமியாரே வந்தாலும் உள்ள வர முடியாது" என்று சிரித்தார். ஒரு கூரைகூடப் பறக்கவில்லை, ஆனால் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் வெளிப்பக்கம் திறக்கும் முன்கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. அப்பா நம் கூரைத் தகரத்தைப் பிரித்து எங்களை மேலே ஏற்றினார், அதில்தான் என் கை உடைந்தது. எதிர்வீட்டில் பலகையை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அப்பா "இதோ வரேன்மா" என்று கத்திக்கொண்டே இருந்தார், நடுவில் தெரு ஆறாக ஓடியது, பிறகு தட்டுவது நின்றுவிட்டது. கடையைப் பூட்டப் போயிருந்ததால் தையல்காரர் பிழைத்தார், அவர் மனைவி பிழைக்கவில்லை. அவர் அப்பாவை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அப்பா கொஞ்சம் தேறியிருப்பார்.

இப்போது இன்னொரு புயல் என்கிறார்கள். நாளை லாரி வந்து எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும். அப்பா நம் வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றி வெளியே சாய்த்துவிட்டு, "நான் வரல, நீங்க போங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், தையல்காரரே வந்து கையைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. தங்கையை லாரியில் ஏற்றிவிட்டு நான் அவரோடு இருக்கப் போகிறேன். இதை எழுத மாட்டேன் என்று அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இப்போதுதான் எடுத்தாள்.

இது உன் கைக்கு வரும்போது அந்தப் புயல் கரை கடந்திருக்கும். அவசரப்பட்டுக் கிளம்பி வராதே. தங்கையைக் கூப்பிட்டுப் பேசு, அவளாகப் பேச மாட்டாள், நீதான் கேட்க வேண்டும். நீ நூறாண்டு இரு கண்ணே. மறக்காமல் ஒன்று செய், உன் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது தங்கை)