ஹாஜியார் வளவுப் பாதை

குறிஞ்சாக்கேணி,
புதன்கிழமை.

அன்புள்ள நஸ்ரி நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹாஜியார் வளவுப் பாதையில் புல் முளைத்திருக்கிறது நானா. நேற்று முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது முதலில் அதைத்தான் கண்டேன், கால் படுகிற நடுவிடத்திலேயே சின்னச் சின்னதாக. உம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், உங்கள் சுகத்துக்கு உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறார். இது உம்மாவின் கடிதம், அவர் சொல்லச் சொல்ல எழுதத்தான் இருந்தேன், ஆனால் இரண்டு வரி சொல்வதற்குள் எழும்பி வாசலுக்குப் போய்விடுகிறார், கழுவின சட்டியை மறுபடியும் கழுவுகிறார், அதனால் இடையில் வருவதெல்லாம் என் கதை. தாஹிர் மாமா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவோம். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவீர்கள் என்று உம்மாவுக்குப் பயம்.

நடந்தது இதுதான். ஹாஜியார் மௌத்தான பிறகு ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அவருடைய மகன் றுவைஸ் நானா கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டார் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அவர் இப்போது வேலியில் ஆட்கள் கடந்துபோக விட்டிருந்த கடப்பைக் கழற்றி, குறுக்குத் தடிகளை அடுப்புக்கு எடுத்துவிட்டு, முள்ளுக்கம்பி அடித்திருக்கிறார். அந்த வழியால் வருகிற மாடுகள் தென்னங்கன்றுகளைத் தின்கின்றனவாம். அந்த வளவுக்குள்ளால் பத்து நிமிஷத்தில் களப்புக்கு மட்டி பொறுக்கப் போன பெண்கள் பெரிய ரோட்டால் சுற்றி முக்கால் மணித்தியாலம் நடக்கிறார்கள், மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்களும் அப்படியே. உம்மாவின் முழங்காலுக்கு அது ஏலாது. போய்ச் சேருமுன் வெயில் ஏறிவிடும், மட்டி அரைக் கூடை சேர்ந்தாலே பெரிய காரியம். இரண்டு நாள் போனால் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்.

எல்லாரும் கையெழுத்து வைத்து பிரதேச சபைக்குக் கொடுத்தோம், திங்கட்கிழமை விசாரணை. விசாரிக்கிற அதிகாரி கமலேஸ்வரி மிஸ் என்று ஒருவர், டவுனிலிருந்து வருகிறவர், மரியாதையாகத்தான் கதைத்தார். நெடுங்காலமாக உரிமையோடு போய்வந்திருந்தால் அது ஊர்ப் பாதை, காணிக்காரரிடம் அனுமதி வாங்கிப் போயிருந்தால் அது அவருடைய தயவு, தயவை அவர் நிறுத்தலாம், அதைத்தான் தான் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே விளக்கினார். உம்மா அதைக் கவனிக்கவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதிக காலம் நடந்தவர் என்று உம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போகும்போது வீட்டுக்காரரிடம் கேட்பீர்களா என்று மிஸ் கேட்டார். உம்மா நிமிர்ந்து இருந்து சொன்னார்: “கேக்காமப் போவமா மிஸ்? ஒவ்வொரு நாளும் கடப்படியில நிண்டு, போகட்டா எண்டு கேட்டுத்தான் போவம்.” நாங்கள் கண்டபடி வளவுக்குள் நுழைகிற ஆட்கள் இல்லை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னார். அதுவரை அரை வரி அரை வரியாக எழுதிய மிஸ், அதை மட்டும் முழுதாக எழுதினார். றுவைஸ் நானா மேசையைப் பார்த்தபடி, “எங்கட வாப்பா பாவம் பார்த்து விட்டதுதான் மிஸ்” என்றார்.

கடப்படியில் ஏன் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். கிணறு பாதையோரம். வீட்டுப் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் கேட்டால் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு “வாங்க” என்பார்கள், அதற்குப் பிறகு நடப்போம். ஊரில் எல்லாரும் செய்வது, அதனால் யாருக்கும் அதை விளக்கிச் சொல்லத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் பரீனா மாமி, “றுவைஸுக்குப் பாதையையே சதக்கா குடுத்துட்டாய் ஹுஸ்னியா” என்றார். உம்மாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “நான் பொய்யா மகள் சொன்னன்?” என்று என்னைக் கேட்கிறார், இல்லை என்றால் மறுபடியும் கேட்கிறார்.

எனக்கும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை நானா. வீடு பூட்டிக் கிடந்த ஏழு வருஷமும் உம்மா அந்தக் கடப்படியில் நின்று, பூட்டின வீட்டைப் பார்த்து, பழக்கத்தில் “போகட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நான் முன்னால் ஓடிப்போய்க் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, ஹாஜியார் பெண்சாதியின் குரலில் “வாங்க பிள்ளையள், வாங்க” என்பேன், உம்மா கூடையோடு துரத்துவார். அது அனுமதி என்றால் அந்த ஏழு வருஷமும் அனுமதி தந்தவள் நான்தான். விசாரணையில் உம்மா சொல்லி முடித்தவுடனேயே இது எனக்கு ஞாபகம் வந்தது. வேறு யாருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மிஸ் இரண்டு தரம் கேட்டார், ஒரு தரம் என்னைப் பார்த்தே கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே இருந்தேன், பத்தாம் ஆண்டோடு நின்றும் விட்டேன். விடுபட்டது ஏதும் இருந்தால் வியாழன் நாலு மணிக்கு முன் எழுதிக்கொண்டு நேரில் வரலாம் என்றார். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவதை எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

உம்மா திரும்ப வந்து இருக்கிறார், இனி அவர் சொல்வது. வெயிலில் வேலை என்றால் தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்திருக்க வேண்டுமாம். ரூமுக்கு வந்தவுடன் ஏசிக்கு நேரே படுக்க வேண்டாமாம். றுவைஸ் நானாவுக்கு போன் எடுத்து ஏசவோ, பேஸ்புக்கில் எதையும் போடவோ கூடாது, உன்னோடு ஒரே பாயில் இருந்து ஓதின பிள்ளை, நாளைக்கும் அயல்வீடுதான் என்கிறார். சுபஹுத் தொழுகையை விட வேண்டாம். முழங்காலுக்குப் பூசுகிற அந்தப் பச்சைக் குழாய் மருந்து முடிந்துவிட்டது, தாஹிர் மாமா அடுத்த முறை வரும்போது மறக்காமல் கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் உங்கள் உடம்பையும் உழைப்பையும் பாதுகாத்து, போன வழியே நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உம்மா ஹுஸ்னியாவின் சொல்லில்,
தங்கை ரிப்கா.

வியாழன் பின்னேரம். கடிதம் இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். அலுமாரியில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு தனியாகச் சபைக்குப் போனேன். மிஸ்ஸின் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே றுவைஸ் நானாவும் இருந்தார். கதவடியில் நின்று “வரட்டா?” என்று கேட்டேன். மிஸ் நிமிர்வதற்கு முன்பே உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன், தாளை விரிக்காமல், பூட்டின வீட்டிடம் கேட்டுப் போன ஏழு வருஷத்தையும் வாயால் சொல்லத் தொடங்கினேன்.