பேஜாரு என்றொரு பொத்தான்

சென்ற வாரம் உன் பெயர் என் மேசைக்கு வந்தது. பித்தளை நிறத்தில் ஒரு பலகை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி முதல்வர் அறையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். வார்னிஷ் வாடை இன்னும் அடங்கவில்லை. மேலே அந்தக் கம்பெனியின் சின்னம், உள்ளங்கை அகலத்துக்கு. அதன் கீழே ‘செயற்கை நுண்ணறிவு உயர்திறன் மையம்’. அதற்கும் கீழே, மிச்சமிருந்த இடத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நீ. இனிஷியல் தவறாக இருந்தது. திருத்தி அனுப்பினேன். புதிதாக எழுத நேரமில்லை என்று, தவறான எழுத்தின் மேல் சரியான எழுத்தை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டார்கள். ஆகவே நீ இப்போது நம் பழைய ஆய்வகத்தின் வாசலில் ஒட்டுப்போட்ட இனிஷியலோடு நிற்கிறாய்.

ஆமாம், அதே அறைதான். நாம் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தபோது அது கணினி ஆய்வகம். பிறகு திறன் மேம்பாட்டு மையம். பிறகு புத்தாக்க மையம். ஒவ்வொரு முறையும் பலகை மாறியது. ஜன்னலோரம் மழை ஒழுகும் இடம் மாறவில்லை. அதற்கடியில் வைக்கும் வாளியும் மாறவில்லை.

உனக்குத் தொழில்துறைத் தொடர்பு அலுவலர் என்ற பதவி வந்தது உன் படிப்புக்காக அல்ல. நீ இந்தப் பக்கத்து ஆள். கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் அங்கே செக்யூரிட்டியாக நிற்பவர் உனக்கு மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். வேறு கல்லூரிக்காரர்கள் வரவேற்பறையில் கோட்டு மாட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்கையில் நீ “இன்னா மாமா, நாஷ்டா ஆச்சா?” என்றபடி உள்ளே போய்விடுவாய். அந்த ஒரு கேள்வியின் பலத்தில் நம் கல்லூரிக்கு ஒப்பந்தங்கள் வந்து குவிந்தன.

ஒப்பந்தம் போடும் சடங்கு நினைவிருக்கிறதா? சால்வை, பூங்கொத்து, முந்திரி பக்கோடா. நீலக் கோப்பை நீ அவரிடம் கொடுப்பாய், அவர் தன் கோப்பை உன்னிடம் கொடுப்பார். புகைப்படக்காரருக்குத் திருப்தி வரும்வரை கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு தடவை அந்தக் கைமாற்றலில் குழம்பி இரண்டு கோப்புகளும் நம்மிடமே தங்கிவிட்டன. கம்பெனியிலிருந்து யாரும் கேட்டு வரவில்லை. அந்த அளவுக்கு நம்பிக்கை. “புரிந்துணர்வு ஒப்பந்தம்னு கரெக்டாத்தான் பேர் வச்சிருக்காங்க நைனா,” என்றாய் நீ, பக்கோடாவை மென்றபடி. “புரிதல் அவுங்களுக்கு. உணர்வு நமக்கு.”

இவ்வளவு பேசுகிறவன் ஒரே ஒரு ஒப்பந்தத்தை நம்பித் தொலைத்தாய். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது, இப்போது உன் பலகையில் சின்னம் போட்டிருக்கும் அதே கம்பெனி. நம் இறுதியாண்டுப் பிள்ளைகளை ஆறு மாதம் ஆலைக்குள்ளேயே வைத்துப் பயிற்சி தருவார்கள். பிள்ளைகள் ஆலைக்கு வேண்டிய மென்பொருளை எழுதுவார்கள். இந்த வட்டாரத்துக்குத் தேவையான கணினி ஆட்கள் இந்த வட்டாரத்திலேயே உருவாவார்கள். இந்த வாக்கியங்களின் ஆங்கிலத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எழுதும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. நீ அந்தத் தாளை வாங்கி உதடு அசைய இரண்டு தடவை படித்தாய்.

அந்த ஆலை நிற்கும் இடம் முன்பு நெல் வயல். உன் அம்மா அதில் கூலிக்கு நடவு நட்டவர். “நெலம் வச்சிருந்தவனுக்குப் பணம் வந்துச்சி. நட்டவங்களுக்கு கேட்டு வந்துச்சி,” என்பாய். கேட்டுக்கு வெளியே ஒப்பந்தத் தொழிலாளராக வரிசையில் நிற்பதைச் சொன்னாய். ஒப்பந்தம் என்ற சொல் நம் கல்லூரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டது. “அந்த கேட்டுக்குள்ள நம்ம ஊரு பொண்ணு ஒண்ணு கம்ப்யூட்டர் முன்னால ஒக்காரணும். அத்த நான் பாக்கணும், அவ்ளோதான்.” உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெண் ஸ்டெல்லா என்று நீ முடிவு செய்திருந்தாய். பொன்னேரிக்கு அடுத்த ஒரு காலனியிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா அதே கம்பெனியில் ஒப்பந்தத்தில் லோடு ஏற்றுகிறவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் நம்பர் டைப் அடிக்கும் வேலை ஒன்று அவளுக்குக் கையிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டுச் சம்பளமில்லாத ஆறு மாதம் எதற்கு என்பது அவர் கேள்வி. நீ என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாய்.

“ஆறு மாசம் உடுங்கண்ணே. அப்பாலிக்கா உங்க பொண்ணு உங்க கம்பெனியிலயே பர்மனன்டா ஒக்காந்துகினு இருக்கும்.”

அவர் அதற்குச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “நானு கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த கேட்டுல போய்க்கினு வந்துகினு கீறேன் சார். என்னையே இன்னும் பர்மனன்ட் ஆக்கல,” என்றார். பிறகு, “சரி, நீங்க சொல்றீங்களேன்னு உடறேன்,” என்றார்.

ஆலையில் உற்பத்தி லைன் அடிக்கடி நின்றது. ஏன் நிற்கிறது என்று மேலே யாருக்கும் தெரியவில்லை. நிற்கும்போதெல்லாம் அங்கே வேலை செய்கிறவரே காரணத்தைத் திரையில் தொட்டுப் பதிய வேண்டும். அதைச் செய்துதருவதுதான் நம் பிள்ளைகளுக்கு வந்த வேலை. ஸ்டெல்லா பொத்தான்களை வரைந்தாள். பெல்ட், பவர், மோல்டு, ஆள் இல்லை. இவற்றில் அடங்காததற்குக் கடைசியாக ‘அதர்ஸ்’. எல்லாம் ஆங்கில எழுத்தில். கம்பெனியின் திரைக்குத் தமிழ் வராது. லைன் நின்றுகொண்டேதான் இருந்தது. கடைசிப் பொத்தானை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால் என்ன அது, யார் செய்தது என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்ற பயம்.

கான்டீனில் டீ குடித்துக்கொண்டே அவளிடம் கேட்டாய், “ஏம்மா, லைன் நின்னா உங்கப்பா ஊட்டுக்கு வந்து இன்னா சொல்வாரு?”

“இன்னிக்கு ஒரே பேஜாரும்பாரு சார்.”

“அப்ப அத்தயே போடு.”

அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. பேஜாரு என்ற சொல்லில் குற்றவாளி கிடையாது என்று அவளுக்கு விளக்கினாய். யார் செய்தார்கள் என்று சொல்லாமல், ஏன் என்று புரியாமல், எல்லாருக்கும் தொல்லையாக நடக்கிற ஒன்றுக்கு இந்தப் பக்கத்தில் வைத்த பெயர் அது. யார் வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம். அவள் அதை PEJARU என்று ஆறு ஆங்கில எழுத்துகளில் அடித்து அதர்ஸ் இருந்த இடத்தில் வைத்தாள். மறுநாளே அந்தப் பொத்தானில் விரல்கள் விழ ஆரம்பித்தன. பேஜாரு அதிகம் விழுந்த நேரங்களை அவள் துருவிக்கொண்டே போய், ஒரு பழைய மோட்டார் சூடாகும்போதெல்லாம் லைன் நிற்பதைக் கண்டுபிடித்தாள். மோட்டாரை மாற்றினார்கள். வெளியூரிலிருந்து எவ்வளவு பெரிய ஆளைக் கூட்டிவந்திருந்தாலும் அந்தப் பொத்தானுக்கு அந்தப் பெயர் வைத்திருக்க முடியாது என்று நீ ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னாய். நானே பலமுறை கேட்டேன். தப்பிக்க வழியில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். அன்றைக்கே அடுத்த வருடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஸ்டெல்லாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. நம் துறைக்கு வந்து உன் எதிரில் நின்று, “இவங்களும் அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிடணுமா சார்?” என்று கேட்டாள். சந்தேகம் கேட்கும் குரலில்தான் கேட்டாள். அந்த ஒப்பந்தத்தை நீ அப்போதுதான் படித்து முடித்தாய் என்று நினைக்கிறேன். வருடாவருடம் ஒரு பஸ் நிறையச் சம்பளமில்லாத கைகள் வரும், போகும். புரிதல் ஒருவழியாக உனக்கும் வந்து சேர்ந்தது.

ஒப்பந்த ஆய்வுக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று கேட்டது ஒரே ஒரு வரி: பயிற்சி முடிப்பவர்களில் சிலரையாவது வேலைக்கு எடுப்போம் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். கம்பெனியின் மனிதவள அதிகாரி நல்ல மனிதர், சிரித்த முகம். “வேலை குடுக்கறதா நாங்க எங்கயும் சொல்லலையே சார். வேலைக்குத் தயார் பண்றதாத்தானே சொன்னோம்,” என்றார்.

“தயாரானவங்க எங்க போவாங்க?”

“மார்க்கெட்டுக்கு சார்.”

“பொன்னேரி மார்க்கெட்டுக்கா?”

தாளாளர் தண்ணீர் குடித்தார். அடுத்த வாரம் உனக்குக் கல்லூரிப் பேருந்துகளின் பொறுப்பு வந்தது. முனைவர் பட்டம் பெற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் டயர் மாற்றலாம் என்ற உயர்ந்த நிலையை நம் கல்லூரி அன்று எட்டியது. நீ வருத்தப்படுவாய் என்று ஆறுதல் சொல்ல வந்தேன். ரூட் சார்ட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னாய்: “இங்க சொன்ன எடத்துக்குப் போறது பஸ் ஒண்ணுதான் நைனா. என்னை அதுலயே உடு.”

ஐப்பசி மழையில் ஒரு பஸ் கவரைப்பேட்டைப் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. டிரைவரோடு போனில் பேசிக்கொண்டிருக்கையில் உனக்கு நெஞ்சு வலித்தது. பஸ் வந்து சேர்ந்தது. கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதிலும் சின்னம் பெரிதாக இருந்தது.

இப்போது திறப்பு விழாவுக்கு வருகிறேன். கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தமிழ் தெரியாதவர். அது குற்றமில்லை. உன் பெயரைச் சிரமப்பட்டு உச்சரித்து, உன் கனவு நனவாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். பிறகு தங்கள் கம்பெனியே உருவாக்கிய ஒரு மென்பொருளைத் திரையில் காட்டினார். ஆலையின் லைன் ஏன் நிற்கிறது என்று அது சொல்லுமாம். பட்டைப் பட்டையாக வரைபடம் வந்தது. எல்லாவற்றிலும் உயரமான பட்டைக்குக் கீழே அந்த ஆறு எழுத்துகள் இருந்தன.

அவர் அதற்கு விளக்கம் சொன்னார். இது ஒரு சுருக்கப் பெயர் என்றார். ப்ராசஸ், எக்விப்மென்ட், ஜாம் அண்ட் ரிலேட்டட் அன்நோன்ஸ். இப்போது கம்பெனியின் எல்லா ஆலைகளிலும் இந்த முறையைக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் வீட்டிலும் ரோட்டிலும் அந்தச் சொல்லைத் தினமும் சொல்கிறவர்கள். அவர்கள் விரிவாக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்க ஓடியது. வரவேற்பு என்று நினைத்து அவர் நன்றி சொன்னார்.

நாற்காலி நிரப்புவதற்காக முன்னாள் மாணவர்களையும் அழைத்திருந்தார்கள். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் முன்பு இதே மென்பொருளைப் பார்த்துக்கொள்ள இதே கம்பெனி ஆள் தேடியதையும், தான் போய்வந்ததையும் அப்போதுதான் சொன்னாள்.

“அனுபவம் இல்லன்னுட்டாங்க சார்.”

“நீ எழுதினதும்மா அது.”

“அது ட்ரெய்னிங்காம் சார். அனுபவத்துல வராதாம்.” மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு சொன்னாள்: “இன்டர்வியூல பேஜாருக்கு ஃபுல் ஃபார்ம் கேட்டாங்க சார். எனக்குத் தெரில.”

இதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடம் சொன்னாலும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்வார்கள்.

விழா முடிந்ததும் உன் அறையைப் பூட்டிவிட்டார்கள். புதுக் கணினிகளின் பாலிதீன் உறையை ஆய்வுக் குழு வந்து பார்க்கும்வரை பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. ஸ்டெல்லா கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாளி அங்கேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நம் வட்டாரத்தில் இத்தனை கம்பெனிகள், இத்தனை ஒப்பந்தங்கள் இருந்தும் கணினித் துறைப் பிள்ளைகள் ஏன் வேலைக்கு வெளியூர் போகிறார்கள் என்று ஆண்டறிக்கையில் காரணம் எழுத வேண்டுமாம். நான் யோசிக்கவே இல்லை. உன் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே அந்த அதிகாரியின் விரிவாக்கத்தையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கொடுத்தேன். முதல்வர் படித்துப் பார்த்தார். தொழில்துறையின் மொழியிலேயே இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார். அறிக்கை போய்விட்டது.

காலையில் நான் பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு நிற்கிறேன். எதிர் பிளாட்பாரத்தில் சென்னை ரயிலுக்கு ஸ்டெல்லா நிற்கிறாள். நகரத்தின் அந்தக் கோடியில் ஏதோ ஓர் அலுவலகம், இரண்டு வண்டி மாறிப் போகிறாள். அவளுடைய அப்பா என் பிளாட்பாரத்தில், சாப்பாட்டுப் பையோடு, அந்த கேட்டுக்குப் போக நிற்கிறார். என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பார். உன்னைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று சென்னை வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். காரணம் சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, காற்றில் ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். நானும் தொட்டேன்.