உரித்த முட்டை

மே 8, வெள்ளி. மர்பி டவுன்.

அந்த அங்கன்வாடி டீச்சர் நன்றாக இருப்பாளா? கர்ப்பிணிகளுக்குத் தரும் முட்டையை நான் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவதை எவளோ போட்டுக்கொடுத்துவிட்டாள். இன்று டீச்சர் எனக்கு மட்டும் உரித்தே தட்டில் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்புடும்மா. இது வயித்துல இருக்கற கொழந்தைக்கு. வீட்ல இருக்கறதுக்கு இல்ல."

"அதுவும் இந்த வயித்துல இருந்ததுதான் டீச்சர். ஸ்கூல் லீவு விட்டதிலேருந்து மத்தியானச் சாப்பாடே இல்ல அதுக்கு."

"ரூல்ஸ் அப்படிம்மா."

எல்லாரும் பார்க்க விழுங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிவந்து வழக்கம்போல் முந்தானை முடிச்சைத் தேடினாள்.

நாளைக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலிக்கு முன்னால் நிறுத்துவேன். இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், ரூல்ஸை.